ஏழு வயதுப் பையனிடம் ‘புற்றுநோய்’ என்று சொல்லலாமா?

வாசகர் கேள்வி:

என் மகனுக்கு 7 வயது. மூன்று மாதத்துக்கு முன்னால் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது, லிம்போபிளாஸ்டிக் லுகேமியா என்கிறார்கள். மருந்துக்கு நல்ல பலன் தெரிகிறது, ஆனால் சிகிச்சை இரண்டு வருடத்துக்கு மேல் போகும் என்று டாக்டர் சொல்கிறார். அவனிடம் “ரத்தத்தில் கிருமி புகுந்துவிட்டது, ஊசி போட்டால் போய்விடும்” என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். அந்த நோயின் பெயரை வீட்டில் யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்பது என் மாமியாரின் கண்டிப்பு. பக்கத்துப் படுக்கையில் இருந்த பையன் போன மாதம் இறந்துவிட்டான். “அவன் எங்கம்மா?” என்று கேட்டான். வீட்டுக்குப் போய்விட்டான் என்றேன். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை, ஆனால் இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை. ஊசி என்றாலே அலறுகிறான், நாலு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது. முதல் மாதம் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தபோது கடித்தான், அடித்தான், பொருட்களைத் தூக்கி எறிந்தான். அந்த மாத்திரை மறுபடி வருமாம், நினைத்தாலே பயமாக இருக்கிறது. மூத்த மகளுக்கு 11 வயது, தங்கமான பெண், அவளால் ஒரு தொந்தரவும் இல்லை. கணவர் வேலை வேலை என்று இருக்கிறார். நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறேன். மகனிடம் சொல்லலாமா? சொன்னால் உடைந்துபோய்விட மாட்டானா?

– பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் மற்ற சிக்கல்கள், அந்த இரவு விளக்கு, ஊசி, மகளின் அமைதி, குளியலறை அழுகை, இவற்றில் பாதிக்கு மேல் இந்த ஒன்றோடு பின்னிக் கிடக்கின்றன. அதனால் இதையே முதலில் நிதானமாகப் பேசிவிடுவோம்.

சொன்னால் உடைந்துபோவானோ என்று கேட்கிறீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் நினைத்தார்கள், குழந்தையிடம் சொல்லாதீர்கள், சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்கு அறிவுரை சொன்னார்கள். 1970களில் மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானுடவியலாளர் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் லுகேமியா வந்த சின்னக் குழந்தைகளோடு நீண்ட காலம் கூடவே இருந்து கவனித்தார். மூன்று வயதிலிருந்து ஒன்பது வயது வரைக்குமான குழந்தைகள். பெரியவர்கள் சொல்லாமலே அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. மருந்துகளின் பெயர் தெரிந்திருந்தது, எந்த மருந்து என்ன செய்யும் என்று தெரிந்திருந்தது, வார்டில் யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதும் தெரிந்திருந்தது. எல்லாம் ஒருவருக்கொருவர் கேட்டும், பெரியவர்கள் முகத்தைப் பார்த்தும் சேர்த்த தகவல்கள். இதைப் பேசினால் அம்மா அழுவாள், அப்பா எழுந்து போய்விடுவார் என்பதையும் அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். அதனால் அம்மா அப்பாவுக்காக ஒன்றும் தெரியாத மாதிரி நடந்துகொண்டார்கள். அன்றைக்கு இருந்த சிகிச்சை வேறு, இன்றைக்கு இருப்பது வேறு, அந்தக் குழந்தைகளின் முடிவை உங்கள் மகனோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம். நான் சொல்ல வருவது அந்த மௌனத்தைப் பற்றி மட்டும்தான்.

உங்கள் மகன் பக்கத்துப் படுக்கைப் பையனைப் பற்றி ஒரு தடவை கேட்டான், அப்புறம் கேட்கவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்பதை நிறுத்தியதும் விளக்கை அணைக்க விடாததும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஆரம்பித்திருக்கின்றன, இல்லையா? ஏழு வயதுப் பிள்ளை ஒரு கேள்வியைத் திடீரென்று விட்டுவிட்டால், அதில் ஆர்வம் போய்விட்டது என்று நினைக்க முடியாது. பெரும்பாலும் அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டிருக்கும், அல்லது இதைக் கேட்கக் கூடாது என்று புரிந்திருக்கும். இரண்டில் எதுவானாலும் அவன் அந்தப் பயத்தோடு இரவில் தனியாகப் படுத்திருக்கிறான். சொல்லாமல் வைப்பதால் பயம் அவனை அண்டாது என்று நினைத்தீர்கள், ஆனால் பயம் வந்துவிட்டது, அதைச் சொல்ல ஆள்தான் இல்லை.

இன்னொன்று, ‘கிருமி’ என்று சொல்லி வைத்திருப்பது. கிருமி என்றால் ஒட்டிக்கொள்ளும் என்பது அவனுக்குத் தெரியும், கை கழுவு கை கழுவு என்று நாம்தானே தினமும் சொல்லிக்கொடுக்கிறோம். அப்படியானால் கை கழுவாததால் வந்ததா, அக்காவுக்கும் ஒட்டிக்கொள்ளுமா, அம்மாவைக் கட்டிப்பிடிக்கலாமா என்று அவன் யோசிக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. இந்த வயதுக் குழந்தைகள் கெட்ட காரியம் எது நடந்தாலும் தங்கள் செயலோடு முடிச்சுப் போட்டுப் பார்ப்பார்கள். அக்காவை அடித்தேன், பொய் சொன்னேன், அதனால் வந்தது என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். நாம் உண்மையைச் சொல்லாத இடத்தை அவர்களே எதையாவது போட்டு நிரப்பிக்கொள்கிறார்கள், அது பெரும்பாலும் உண்மையைவிட மோசமானதாக இருக்கும்.

1982இல் வெளியான ஓர் ஆய்வு, சிறுவயதில் புற்றுநோய் வந்து பிழைத்து வளர்ந்தவர்களைப் பற்றியது. நோய் இன்னது என்று ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்டவர்கள், தாமதமாகத் தெரிந்துகொண்டவர்களைவிடப் பிற்காலத்தில் மன அளவில் நன்றாக இருந்ததை அது காட்டியது. இன்றைக்குப் பல நாடுகளில் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்கள், வயதுக்குத் தக்கபடி குழந்தையிடம் நேர்மையாகச் சொல்வதையே வழக்கமாக வைத்திருக்கிறார்கள். ஆக இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை.

சரி, எப்படிச் சொல்வது?

நீங்களும் கணவரும் சேர்ந்து சொல்லுங்கள், முடிந்தால் மகளும் கூட இருக்கட்டும். ஊசி போடும் நாளில் வேண்டாம், தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம். அவன் உடம்பு கொஞ்சம் தெளிவாக இருக்கும் ஒரு பகல் பொழுது போதும். முதலில் அவனுக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள்: “உனக்கு ஏன் இவ்வளவு மருந்து கொடுக்கறாங்கன்னு நீ நினைக்கிற?” அவன் சொல்வதை முழுசாகக் கேட்ட பிறகு, இந்த மாதிரி சொல்லலாம்: “கண்ணா, உன் நோய்க்கு ஒரு பேர் இருக்கு, லுகேமியா. அது ரத்தத்துல வர்ற புற்றுநோய். எலும்புக்கு உள்ளே ரத்தம் உருவாகுற இடம் இருக்கு. அங்க சில செல்கள் ஒழுங்கா வளராம, சும்மா பெருகிக்கிட்டே போய் நல்ல ரத்தத்துக்கு இடம் இல்லாம பண்ணிருச்சு. அதனாலதான் உனக்குக் காய்ச்சல் வந்துச்சு, சோர்வா இருந்துச்சு. இந்த மருந்தெல்லாம் அந்தச் செல்களை அழிக்கத்தான். நாங்க கிருமின்னு சொன்னது தப்பு, அது கிருமி இல்ல. உனக்கு எப்படிச் சொல்லிப் புரியவைக்கிறதுன்னு தெரியாம அப்படிச் சொல்லிட்டோம்.” இதற்கு மேல் பாடம் நடத்த வேண்டாம். மூன்று விஷயம் மட்டும் விட்டுப்போகக் கூடாது: நீ செஞ்ச எதனாலயும் இது வரல, இது யாருக்கும் ஒட்டாது, எதை வேணும்னாலும் எங்ககிட்ட கேக்கலாம். கடைசியாகச் சொன்னதை ஒரு தடவை சொல்லி நிறுத்திவிடாதீர்கள், அடுத்த வாரமும் சொல்லுங்கள், அதற்கடுத்த வாரமும்.

அவன் இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு விளையாடப் போய்விடலாம். அது சரிதான். குழந்தைகள் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்வார்கள், மூன்று நாள் கழித்துப் பல் தேய்க்கும்போது ஒரு கேள்வி வரும். அழுதாலும் பயந்துவிடாதீர்கள், அழ வேண்டிய விஷயம்தான். நீங்கள் சொல்லும்போது உங்கள் கண்ணில் தண்ணீர் வந்தாலும் தப்பில்லை, “அம்மாவுக்கும் கஷ்டமா இருக்கு, ஆனா அம்மாவால உன்னைப் பாத்துக்க முடியும்” என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இப்போது கடினமான பகுதி. அந்தப் பையன் இறந்ததையும் சொல்ல வேண்டும். நீங்கள் ‘வீட்டுக்குப் போய்விட்டான்’ என்று சொன்னதில், வீட்டுக்குப் போவது என்பதே அவனுக்குப் பயமான விஷயமாக மாறிப்போகும் ஆபத்து இருக்கிறது. “அன்னைக்கு நீ அவனைப் பத்திக் கேட்டே, நான் சரியா பதில் சொல்லல. அவன் இறந்துட்டான். டாக்டருங்க நிறைய முயற்சி பண்ணாங்க, மருந்து அவனுக்கு வேலை செய்யல. எங்களுக்கும் ரொம்ப வருத்தமா இருக்கு.” இவ்வளவுதான். ‘தூங்கிட்டான்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், உங்கள் மகனை முதுகுத்தண்டில் மருந்து செலுத்தும்போது மயக்கம் கொடுத்துத் தூங்க வைக்கிறார்கள் என்றால் அந்தத் தூக்கத்தையே அவன் எதிர்க்க ஆரம்பித்துவிடுவான். உங்கள் நம்பிக்கைப்படி இறந்த பிறகு என்ன ஆகும் என்று சொல்ல விரும்பினால் சொல்லுங்கள், ஆனால் இறந்துவிட்டான், இனி வர மாட்டான் என்பதைச் சொன்ன பிறகு. ஏழு வயதில் சாவு என்றால் திரும்பி வர முடியாதது என்பது பல குழந்தைகளுக்குப் புரியத் தொடங்கியிருக்கும், முழுசாகப் புரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் பொறுமையாக அதே பதிலைச் சொல்லுங்கள்.

அப்போது அவன் கேட்பான், “நானும் செத்துப்போயிடுவேனா?” கேட்கவில்லை என்றாலும் அந்தக் கேள்வி அங்கேதான் இருக்கிறது. “சீ, வாயைக் கழுவு” என்று சொல்லிவிட்டால் கதவு சாத்திக்கொள்ளும். மூச்சை இழுத்துக்கொண்டு, “ஏன் கண்ணா அப்படித் தோணுது?” என்று கேளுங்கள். சில சமயம் அவன் கேட்பது சாவைப் பற்றியே இருக்காது, இன்றைக்கு வலிக்குமா, நீங்கள் என்னை விட்டுப் போவீர்களா என்பதாகக் கூட இருக்கலாம். நிஜமாகவே அதைத்தான் கேட்கிறான் என்றால், பொய்யும் வேண்டாம், சத்தியம் செய்து கொடுப்பதும் வேண்டாம். “இது பெரிய நோய்தான், சில பேர் இதனால இறந்து போறாங்க. நிறையப் பேர் குணமாகுறாங்க. உனக்கு மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு டாக்டர் சொல்றாங்க. நிலைமை மாறினா நாங்க உன்கிட்ட மறைக்க மாட்டோம். எதுவா இருந்தாலும் நாங்க உன்கூட இருப்போம்.” நல்ல சிகிச்சை வசதியுள்ள நாடுகளில் இந்த வகை லுகேமியா வந்த குழந்தைகளில் 10இல் 9 பேர் அளவுக்குப் பிழைக்கிறார்கள் என்பது உண்மை, ஆனால் உங்கள் மகனுக்கு எது பொருந்தும் என்பதை அவனுடைய டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த அளவுக்கு மட்டும் சொல்லுங்கள்.

மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார்களே என்று யோசிப்பீர்கள். அவர்களும் பேரன் மேல் உள்ள பாசத்தில்தான் தடுக்கிறார்கள், அவர்களோடு சண்டை போட்டு ஜெயிக்க வேண்டியதில்லை. “அத்தை, நீங்க எதுவும் சொல்ல வேண்டாம், நாங்க சொல்லிக்கிறோம். அவன் உங்ககிட்ட கேட்டா, ‘அம்மாகிட்ட கேளு, அம்மா சொல்லுவா’ன்னு மட்டும் சொல்லுங்க, இல்லைன்னு மட்டும் மறுத்துடாதீங்க” என்று கேட்டுக்கொள்ளுங்கள். இது அவர்களால் முடியும். இதை உங்கள் கணவர் தன் அம்மாவிடம் சொன்னால் இன்னும் நல்லது. டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஒரு தடவை அவர்களையும் கூட்டிப்போய், டாக்டர் வாயாலேயே கேட்க வையுங்கள்.

ஊசிக்கு வருகிறேன். நாலு பேர் பிடித்து அழுத்துவதை இனிமேல் கூடியவரை தவிர்க்க வேண்டும். அப்படிப் பிடிக்கப் பிடிக்க அடுத்த தடவை பயம் கூடுமே தவிரக் குறையாது, அவனுக்கு வலியைவிடத் தன் உடம்பு தன் கையில் இல்லை என்பதுதான் பெரிய பயமாக மாறிவிடும். “ஊசி இல்லப்பா, சும்மா பார்க்கப் போறோம்” என்று கூட்டிப்போயிருந்தால் அதையும் இன்றோடு விட்டுவிடுங்கள், ஏனென்றால் அப்புறம் ஊசி இல்லாத நாட்களிலும் அவன் உங்களை நம்ப மாட்டான். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஊசிக்கு முந்தின நாள் சொன்னால் போதும், ஒரு வாரம் முன்னாடி சொன்னால் ஒரு வாரமும் பயந்துகொண்டிருப்பான்.

தோலை மரத்துப்போக வைக்கும் கிரீம் இருக்கிறதா என்று நர்ஸிடம் கேளுங்கள், ஊசி போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தடவி மூடி வைத்தால்தான் அது சரியாக வேலை செய்யும், கடைசி நிமிஷத்தில் தடவிப் பிரயோஜனம் இல்லை. அவனைப் படுக்கவைத்து அழுத்துவதற்குப் பதில், உங்கள் மடியில் நிமிர்ந்து உட்கார வைத்து நீங்கள் அணைத்துக்கொள்ளுங்கள், கை அசையாமலும் இருக்கும், அவனுக்கு அம்மா பிடித்திருக்கிறாள் என்றும் இருக்கும். எந்தக் கை, பார்க்கப் போகிறானா திரும்பிக்கொள்ளப் போகிறானா, எத்தனை எண்ணும்போது போட வேண்டும், இதையெல்லாம் அவன் முடிவு செய்யட்டும். ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்காதீர்கள், வேண்டாம் என்பான், அப்புறமும் போடத்தான் போகிறோம், ஏமாற்றிவிட்டார்கள் என்று ஆகிவிடும். போடும் நேரத்தில் சோப்பு நுரைக்குமிழி ஊதுவது, நீளமாக மூச்சை வெளியே விடுவது, செல்போனில் அவனுக்குப் பிடித்த விளையாட்டு, இதெல்லாம் சும்மா சமாதானத்துக்குச் செய்வது இல்லை, கவனத்தைத் திருப்புவதால் குழந்தைகளுக்கு ஊசி வலி குறைகிறது என்பதற்கு ஆய்வுகளில் நல்ல ஆதாரம் உண்டு. அறையில் ஒருவர் மட்டும் பேசட்டும், நாலு பக்கமும் “ஒண்ணும் இல்ல ஒண்ணும் இல்ல” என்று கத்துவது பயத்தைத்தான் கூட்டும். ‘ஆம்பளப் பையன் அழலாமா’ என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அழுதுகொண்டே கையை நீட்டினால் போதும், அதுவே பெரிய விஷயம்.

போட்டு முடித்த பிறகு செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அதைப் பற்றிப் பேசுங்கள், எது நன்றாகப் போனதோ அதை எடுத்துச் சொல்லுங்கள்: “இன்னைக்கு நீ அஞ்சு வரைக்கும் ஆடாம எண்ணிட்டே இருந்தே.” உண்மையாக நடந்ததைத்தான் சொல்ல வேண்டும், இட்டுக்கட்டக் கூடாது. வலியைக் குழந்தை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அடுத்த தடவைப் பயம் அமைகிறது. வீட்டில் ஊசி முனை இல்லாத சிரிஞ்ச், கொஞ்சம் பஞ்சு, ஒரு பொம்மை கொடுத்து அவனையே டாக்டராக விளையாட விடுங்கள். பொம்மையை அவன் நாலு பேரை வைத்து அமுக்கினால் திடுக்கிடாதீர்கள், பார்த்துக்கொண்டே, “பொம்மைக்கு இப்ப எப்படி இருக்கும்?” என்று மட்டும் கேளுங்கள். மூன்று மாதமாக அலறிக்கொண்டிருப்பவனுக்கு இது ஒரே வாரத்தில் மாறாது. மருத்துவமனையில் மனநல ஆலோசகர் இருந்தால் ஊசிப் பயத்துக்கென்றே அவரிடம் சில தடவை கூட்டிப்போகலாம். முதுகுத்தண்டு ஊசியும் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும் மயக்கம் கொடுத்துச் செய்யப்படவில்லை என்றால், கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை பற்றி. டெக்ஸாமெத்தசோனோ பிரெட்னிசோலோனோ, எதுவாக இருந்தாலும் அது பிள்ளைகளின் மனநிலையைப் புரட்டிப்போடும். காரணமே இல்லாமல் கோபம், அழுகை, அடங்காத பசி, தூக்கமின்மை. அந்த மாதம் கடித்தது, அடித்தது எல்லாவற்றிலும் மருந்தின் பங்கு பெரிது, நிறுத்தினதும் கொஞ்ச நாளில் தணிந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். அவனுக்கும் அது பயமாகத்தான் இருந்திருக்கும், தான் ஏன் இப்படி நடந்துகொள்கிறோம் என்று. அடுத்த சுற்றுக்கு முன்னால் அவனிடமே சொல்லுங்கள்: “இந்த மாத்திரை சாப்பிடும்போது கோபம் கோபமா வரும், அது மருந்தோட வேலை. அடிக்கணும் போல இருந்தா தலையணையை அடி.” மகளிடமும் சொல்லிவையுங்கள், ஆசிரியரிடமும். மாத்திரை எந்த நேரத்தில் கொடுத்தால் இரவுத் தூக்கம் கெடாது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நேரத்தையோ அளவையோ மாற்ற வேண்டாம்.

அதற்காக எல்லா விதிகளையும் தள்ளிவைத்துவிடக் கூடாது. பாவம், நோயாளிக் குழந்தை என்று கேட்டதையெல்லாம் கொடுத்து, எதற்கும் கண்டிக்காமல் விட்டால், பிள்ளைக்கு அது சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கிறோம். அவன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது: முன்னாடி திட்டுவாங்க, இப்ப திட்டவே இல்ல, அப்படின்னா எனக்கு ஏதோ ரொம்ப மோசமா ஆகப்போகுது. அக்காவை அடிக்கக் கூடாது, மருந்து சாப்பிட்டே ஆக வேண்டும், பல் தேய்க்க வேண்டும் என்கிற நாலைந்து விதிகள் முன்பு போலவே இருக்கட்டும்.

உங்கள் மகளைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அந்த வரிதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. வீட்டில் ஒரு குழந்தைக்குப் பெரிய நோய் வந்தால் இன்னொரு குழந்தை தன்னைச் சுருக்கிக்கொள்ளும். அம்மாவுக்கு ஏற்கெனவே எவ்வளவோ கஷ்டம், நானும் எதற்கு என்று. ‘தொந்தரவே இல்லை’ என்று நீங்கள் பாராட்டப் பாராட்ட அவள் இன்னும் அடங்கிப்போவாள். தம்பி மேல் பொறாமையும், பொறாமைப்பட்டதற்குக் குற்றவுணர்வும், தனக்கும் வருமோ என்கிற பயமும் ஒரே சமயத்தில் அவளுக்குள் இருக்கலாம். 11 வயதுப் பெண்ணுக்கு நோயின் பெயர் எங்கிருந்தாவது தெரிந்திருக்கும், இணையத்தில் தேடியும் பார்த்திருப்பாள், தேடிப் பார்த்ததைச் சொல்ல ஆள் இல்லாமல் இருப்பாள். அவளிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். “உனக்கு எங்க மேல கோபமா இருந்தாலும் சொல்லலாம்” என்று நீங்களே ஆரம்பித்துக் கொடுங்கள். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நேரம், அரை மணியாக இருந்தாலும் சரி, அவளுக்கு மட்டும் என்று வையுங்கள், அந்த நேரத்தில் தம்பியைப் பற்றிய பேச்சு அவள் எடுத்தால் மட்டும். மருத்துவமனையில் அனுமதி உண்டென்றால் ஒரு நாள் கூட்டிப்போய் வார்டைக் காட்டுங்கள், கற்பனை செய்துகொண்டிருப்பதைவிடப் பார்ப்பது நல்லது. தம்பிக்குப் படித்துக் காட்டுவது போன்ற சின்ன வேலை கொடுக்கலாம், ஆனால் அவளை இன்னொரு அம்மாவாக ஆக்கிவிடாதீர்கள். அவளுடைய வகுப்பு ஆசிரியருக்கு வீட்டு நிலைமையைச் சொல்லிவையுங்கள்.

கணவர் வேலைக்குள் போய் ஒளிந்துகொள்வதை, அவருக்கு அக்கறை இல்லை என்று படிக்க வேண்டாம். பணத்தைப் பற்றிய பயத்தை அவர் ஒருவராகச் சுமந்துகொண்டிருக்கலாம், மருத்துவமனைக்குள் நுழைந்தாலே என்ன செய்வது என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அவருக்கென்று தெளிவான ஒரு வேலையைக் கொடுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவுகளை எழுதி வைக்கும் நோட்டு அவர் பொறுப்பு, அல்லது மாதத்தில் ஒரு சிகிச்சை நாள் முழுக்க அவரே கூட்டிப்போக வேண்டும், அன்றைக்கு நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். மகனுக்கும் அப்பாவை நம்பி ஊசிக்குக் கை நீட்டத் தெரிய வேண்டும். செலவைப் பற்றிச் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள், மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் உதவி கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை, அது அவருடைய வேலை.

கடைசியாக நீங்கள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். குழந்தைப் புற்றுநோய்க் குடும்பங்களில் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த ஒன்று, அதிர்ச்சியின் தாக்கம் குழந்தையைவிடப் பெற்றோரிடம் அதிகமாக, நீண்ட நாள் தங்குகிறது என்பது. டாக்டர் முதலில் சொன்ன அந்த நிமிஷம் திடீர் திடீரென்று கண்முன் வருவது, போன் அடித்தால் நெஞ்சு படபடப்பது, தூங்க முடியாதது, இதெல்லாம் உங்களுக்கு இருந்தால் நீங்கள் பலவீனமானவர் என்று ஆகாது. ‘காய்ச்சல் வந்தபோதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமோ’ என்ற கேள்வியும் உங்களைத் தின்றுகொண்டிருக்கும் என்று ஊகிக்கிறேன், ஏறக்குறைய எல்லாத் தாய்மாரும் இதைக் கேட்கிறார்கள். இந்த நோய் ஆரம்பத்தில் சாதாரணக் காய்ச்சல், சோர்வு மாதிரியேதான் இருக்கும், டாக்டர்களுக்கே உடனே பிடிபடாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏன் வந்தது என்று காரணம் சொல்ல முடியாது, பெற்றோர் செய்த எதனாலும் வந்தது இல்லை.

உங்களைப் போன்ற தாய்மாருக்காகவே உருவாக்கி, ஆராய்ந்து, பலன் தெரிந்த ஒரு பயிற்சி இருக்கிறது, மொத்தம் 8 அமர்வுகள். அதன் சாரம் எளிமையானது: எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து மலைக்காமல் ஒரு பிரச்சினையை மட்டும் எடுப்பது, அதற்கு என்னென்ன செய்யலாம் என்று எழுதுவது, ஒவ்வொன்றின் நல்லது கெட்டதைப் பார்ப்பது, ஒன்றைச் செய்து பார்ப்பது, பலித்ததா என்று பார்ப்பது. நீங்கள் ஒரு நோட்டில் தனியாகவும் இதைத் தொடங்கலாம், ஆலோசகரோடு செய்தால் இன்னும் நல்லது. இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் போகவில்லை, எழுந்திருக்கவே முடியவில்லை என்றால் உங்களுக்கே சிகிச்சை தேவை. செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், மருத்துவமனையிலேயே சொல்லலாம்.

குழந்தைக்கு மருந்து கொடுக்கும் இடத்தில் இதையெல்லாம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனமோ என்று தயங்காதீர்கள். 2015இல் குழந்தைப் புற்றுநோய்க்கான உளவியல் சமூகப் பராமரிப்புத் தரநிலைகள் என்று 15 வெளியிடப்பட்டன. குழந்தையின் மனநிலையைத் தொடர்ந்து கவனிப்பது, பரிசோதனைகளுக்கு முன்னால் தயார்படுத்துவது, பெற்றோரின் மனநலம், உடன்பிறந்தவர்களுக்கு ஆதரவு, பணக் கஷ்டம், பள்ளிக்குத் திரும்புவது எல்லாமே அதில் இருக்கின்றன. அதாவது இவை சிகிச்சையின் பகுதியாகக் கருதப்படுபவை. உங்கள் மருத்துவமனையில் மனநல ஆலோசகர் இல்லாமல் போகலாம், அப்படியானால் உங்கள் மகனுக்கு எந்த நர்ஸைப் பிடிக்குமோ அவரிடமிருந்து ஆரம்பியுங்கள். அவர் ஒருவர் உங்கள் பக்கம் நின்றாலே ஊசி அறையில் பாதி மாறிவிடும்.

பள்ளிக்கூடம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அதனால் சுருக்கமாக: டாக்டர் அனுமதிக்கும்போது சீக்கிரமே அனுப்பப் பாருங்கள், அதுவரை ஒன்றிரண்டு நண்பர்களோடு வீடியோ அழைப்பாவது தொடரட்டும். முடி கொட்டியதைப் பற்றி வகுப்பில் என்ன சொல்வது என்று அவனோடு பேசி ஒரு வாக்கியத்தைத் தயார் செய்யுங்கள், முடி திரும்ப முளைக்கும் என்பதையும் சொல்லிவையுங்கள். பின்னால் கவனம் சிதறுவது, கணக்கில் வேகம் குறைவது மாதிரி ஏதாவது தெரிந்தால் சோம்பல் என்று நினைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், சில சிகிச்சைகளால் அப்படி ஆவதுண்டு, சோதித்துப் பார்த்து உதவ முடியும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள். முதலில் இன்றைக்கோ நாளைக்கோ கணவரோடு உட்கார்ந்து, மகனிடம் என்ன சொல்வது என்று இரண்டு பேரும் ஒரே வார்த்தைகளைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை மருத்துவமனை போகும்போது டாக்டரிடம் “நாங்கள் அவனிடம் சொல்லப் போகிறோம்” என்று முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள், அவரும் நர்ஸும் அதே பெயரைச் சொல்லட்டும். சொன்ன பிறகு அவன் என்ன கேட்டான் என்று முடிந்தால் எனக்கு எழுதுங்கள், அவன் கேள்விகளுக்கு எப்படிப் பதில் சொல்லலாம் என்று சேர்ந்து யோசிக்கலாம்.